பிறையிலிருந்து பதில் வரவில்லை

“அண்ணே, நானூறு பேருக்குப் பிரியாணி மண்டப வாசல்ல நிக்குது. மண்டபம் பூட்டிக் கெடக்குன்னு லோரிக்காரர் சொல்றாரு. கல்யாணக்காரங்க எங்கண்ணே?”

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ரொஸ்னா ஃபோனில் இப்படிக் கேட்டபோது, கிளிஃபர்ட் வாயிலிருந்த ரொட்டியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தான். கல்யாணக்காரர்கள் அவரவர் வீட்டில் நிம்மதியாக இருந்தார்கள். கல்யாணம் அடுத்த சனிக்கிழமை.

ஷேக் அலாவுதீன் நடத்தும் கல்யாண ஏற்பாட்டுக் கம்பெனியில் கிளிஃபர்ட்தான் கம்ப்யூட்டர் பொறுப்பாளன். மண்டபமும் ஆபீசும் ஜெலுத்தோங்கில். சமையல்கூடம் பாலம் தாண்டி, பிறை என்ற ஊரில், அதற்கு ரொஸ்னா. மணமேடை, நாற்காலி, தோரணமெல்லாம் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கிடங்கில், அதற்குத் திருநாவுக்கரசு. முதலாளி இந்த மூன்றையும் மூன்று வெவ்வேறு ஆட்களிடமிருந்து வாங்கியவர். கூடவே மூன்று தரவுத்தளங்களும் வந்து சேர்ந்தன. ஒரே வீட்டில் மூன்று ஓரகத்திகள் இருப்பதுபோல், ஒன்று எழுதியது இன்னொன்றுக்குத் தெரியாது. கல்யாண வீட்டார் தேதியை ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். மண்டபத்தின் பதிவேட்டில் மாறியது. சமையல்கூடத்தில் மாறவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பிரியாணிக்கு அது தெரியாதே.

நானூறு பொட்டலத்தையும் ஜெலுத்தோங் பசாரில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்து முடிக்க மாலை நான்காயிற்று. முதலாளி தன் பங்குக்கு ஒன்றைப் பிரித்துவைத்துக்கொண்டு, சாப்பிட்டபடியே திட்டினார்.

“மூணு பெட்டி. மூணும் ஆளுக்கொரு தேதி சொல்லுது. எல்லாத்தையும் ஒரே பெட்டியில போடேன்.”

“போடலாம் முதலாளி. ரொஸ்னா அவங்க பதிவேட்டை விட்டுக் கொடுக்கணும். திருநாவுக்கரசு அண்ணனும் கொடுக்கணும்.”

முதலாளி கொஞ்ச நேரம் மென்றார். “அது நடக்காது. வேற சொல்லு.”

“நடுவுல ஒரு புரோகிராம் வைக்கிறேன். யாராச்சும் தேதி கேட்டா, அது மூணு இடத்தையும் கேக்கும், ‘இந்தத் தேதிக்குத் தயாரா?’ன்னு. தயார்னு சொல்ற இடம் அந்தத் தேதியைப் பிடிச்சு வைக்கணும், வேற யாருக்கும் கொடுக்கக் கூடாது. மூணும் தயார்னு வந்தா நான் ‘உறுதி’ன்னு அமுக்குவேன். மூணும் ஒண்ணா எழுதிக்கும். ஒருத்தர் இல்லைன்னாலும் மூணும் விட்டுடும். பாதிக் கல்யாணம்ங்கிறதே இருக்காது.”

“பொண்ணு சம்மதம், மாப்பிள்ளை சம்மதம், அப்புறம்தான் நிக்காஹ். அதானே? இதுக்கா நீ காலேஜுக்குப் போன?”

“அதேதான் முதலாளி.”

“சரி, எல்லாரும் தயார்னு சொன்ன அப்புறம், நடுவுல இருக்கிறவன் தூங்கிட்டான்னா?”

அந்த ஏற்பாட்டில் அதுதான் ஓட்டை. கிளிஃபர்ட் படித்த காலத்திலிருந்தே அவனை உறுத்துகிற ஓட்டை.

“தயார்னு சொன்னவங்க பாவம் முதலாளி. வேற யாருக்கும் சரின்னு சொல்ல முடியாது. விட்டுட்டுப் போகவும் முடியாது. நடுவுல இருக்கிறவன் வாயைத் திறக்கிற வரைக்கும் அப்படியே நிக்க வேண்டியதுதான்.”

“அப்ப தூங்காதே” என்று சொல்லிவிட்டு முதலாளி கை கழுவப் போனார்.

புது ஏற்பாடு திங்கட்கிழமை ஓட ஆரம்பித்து அரை மணிகூட ஆகவில்லை, அமலம்மாள் ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கிளிஃபர்ட் தன்னையறியாமல் எழுந்து நின்றான். அமலம்மாள் கிளாரிஸின் அம்மா.

கிளாரிஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு வருஷத்துக்கு முன் மாதா கோயில் பாடற்குழுவில் இருவரும் ஒன்றாகப் பாடினார்கள். அவளோடு பேசவேண்டும் என்பதற்காகவே கிளிஃபர்ட் ஒரு மழைநாள்கூடத் தவறாமல் ஒத்திகைக்குப் போனான். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மனதிலிருந்ததைச் சொன்னான். “அம்மாகிட்டப் பேசுங்க” என்றாள். பேசினான். “உங்க வீட்ல என்ன சொல்றாங்க தம்பி?” என்று அமலம்மாள் கேட்டார். “அக்காவைக் கேட்டுச் சொல்றேன் ஆண்ட்டி” என்று வந்துவிட்டான். தாய் தகப்பன் போனபிறகு அவனை ஆளாக்கியவள் அக்கா மோனிக்காதான். கல்யாணமாகிப் பிறையில் இருக்கிறாள். அக்கா வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமல் “பார்க்கலாம்” என்றாள்.

நம் ஆட்கள் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று கிளிஃபர்ட்டுக்குத் தெரியும். வீடு வாங்கலாமா? பார்க்கலாம். லங்காவி போகலாமா? பார்க்கலாம். எது நடந்திருக்கிறது? அக்காவை மீறவும் மனம் வரவில்லை, அமலம்மாளிடம் போய் ‘இல்லை’ என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் மாதங்கள் ஓடின. சொல்லாமல் இருந்ததே பதில் சொன்னதாக ஆகியிருக்கும் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். கிளாரிஸ் மெர்தாஜாம் பள்ளிக்கு மாற்றலாகி, அம்மாவும் மகளும் அங்கேயே குடிபோனார்கள்.

“கிளாரிஸ் கல்யாண விஷயமா வந்தேன் தம்பி” என்றார் அமலம்மாள். “எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கிறது? ஒரு முடிவு தெரியணும்.”

கிளிஃபர்ட்டுக்கு அதில் ஒன்றுதான் காதில் விழுந்தது. கிளாரிஸுக்குக் கல்யாணம். நடக்காமலா இருக்கும்? நடக்கவேண்டியதுதானே? ஆனால் வலித்தது. நன்றாகவே வலித்தது. மனம் அங்கேயே உட்கார்ந்துவிட, பழக்கப்பட்ட வாய் வேலையைப் பார்த்தது.

“எந்தத் தேதிக்கு ஆண்ட்டி?”

அமலம்மாள் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது. “தேதியே கேட்டுட்டீங்களா! ஜூலை பதினெட்டு, சனிக்கிழமை. முந்நூறு பேரு வருவாங்க. சாப்பாடு உங்க ஆளுங்களே பண்ணட்டும்.”

கிளிஃபர்ட் தட்டினான். ‘மணமகள்: கிளாரிஸ்’ என்று தட்டும்போது விரல் இரண்டு முறை பிசகியது. அடுத்த கட்டம், மணமகன் பெயர். கேட்டிருந்தால் அமலம்மாள் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. அந்தப் பெயர் தெரியாமல் இருக்கிறவரை அந்த ஆளும் இல்லாத மாதிரி ஓர் அற்ப ஆறுதல். கட்டத்தை வெறுமையாக விட்டு அடுத்ததற்குத் தாவினான்.

“அப்ப முடிவுதானே தம்பி?”

“நான் மட்டும் முடிவு சொல்லிட முடியாது ஆண்ட்டி. மெர்தாஜாம் சரின்னு சொல்லணும், பிறை சரின்னு சொல்லணும். ரெண்டு பேரும் சரின்னாத்தான் நான் உறுதி சொல்ல முடியும்.”

“மெர்தாஜாம் எப்பவோ சரின்னாச்சே தம்பி!”

கிளிஃபர்ட் திரையைப் பார்த்தான். உண்மைதான், திருநாவுக்கரசின் ‘தயார்’ பச்சையாக எரிந்தது. கிடங்கு இந்த அம்மாவின் வீட்டுப் பக்கம்தானே, முன்கூட்டியே விசாரித்துவிட்டு வந்திருப்பார்.

“ஆமா ஆண்ட்டி. பிறையிலிருந்துதான் பதில் வரல.”

அமலம்மாள் பெருமூச்சு விட்டார். “பிறைதான் இழுக்குதா? நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

அவர் போனதும் கிளிஃபர்ட் ரொஸ்னாவைக் கூப்பிட்டான்.

“அன்னைக்கு ஒரு ஃபேக்டரி விருந்து கேட்டு வெச்சிருக்காங்கண்ணே” என்றாள் ரொஸ்னா. “அவங்க வேணாம்னு சொன்னாத்தான் நான் தயார்னு அமுக்க முடியும். சும்மா அமுக்கிட்டு அப்புறம் முழிக்க என்னால முடியாதுலா.”

நியாயமான பேச்சு. காத்திருக்கலாம் என்று நினைத்தான். ஆனால் மறுநாள் காலை முதலாளியின் மச்சான் ஹைதர், தம் மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஜூலை ஐந்தாம் தேதி கேட்டபோது, திரை ‘இடமில்லை’ என்றது. ஏழாம் தேதி? இடமில்லை. இருபத்தொன்பது? இடமில்லை. ஒரு தேதியைப் பூட்டச் சொல்வதற்குப் பதிலாகக் கிளிஃபர்ட் ஒரு மாதத்தையே பூட்டிவிட்டிருந்தான்.

“உன்னோட அந்த ஒரு பொண்ணுக்கு ஜூலை முழுக்கவா கல்யாணம்?” என்று முதலாளி கத்தினார்.

‘உன்னோட’ என்ற சொல் கிளிஃபர்ட்டைக் குத்தியது. பூட்டைச் சரிசெய்தான். கையோடு இன்னொரு விதியும் சேர்த்தான். அரை மணிக்குள் பதில் வராவிட்டால் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு எல்லாரையும் விட்டுவிட வேண்டும். ஜூலை பதினெட்டுக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது என்று ஒரு வரி எழுதினான். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அன்று மதியமே ஞாயிற்றுக்கிழமைக் காதணி விழா ஒன்றுக்குக் கேள்வி போனது. ரொஸ்னா லுஹர் தொழுதுவிட்டு, மார்க்கெட்டுக்கும் போய்விட்டு வந்து, நாற்பதாவது நிமிஷத்தில் ‘தயார்’ என்று அமுக்கி, ஆட்டுக்கும் சொல்லிவைத்தாள். அதற்குள் மற்ற இரண்டு இடமும் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டன. காதணி விழாக்காரர் வேறு மண்டபம் பிடித்துவிட்டார். ரொஸ்னாவின் பெட்டிக்கு மட்டும் இது தெரியாது. புதன்கிழமை விடிந்ததும் மூன்று ஆடுகள் சமையல்கூட வாசலில் வந்து இறங்கி, அவள் ஆசையாக வளர்த்த பாண்டான் செடியை மேய ஆரம்பித்தன.

“எழுதினதை அழிக்கலாம்ணே” என்றாள் ரொஸ்னா. “ஆட்டை அழிக்க உங்க சிஸ்டத்துல பட்டன் இருக்கா?”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். கிளிஃபர்ட்டுக்குக் குரங்குகூட முழுதாக வரவில்லை. யோசித்துப் பார்த்து, விதியைத் திருத்தினான். பதில் வராவிட்டால் ‘இல்லை’ என்று முடிவு கட்ட வேண்டாம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லாரையும் திரும்பக் கேட்கட்டும். கேட்பதில் என்ன கெட்டுவிடப் போகிறது?

அன்று மாலை அமலம்மாள் மறுபடி வந்தார். கையில் ஒரு பை மங்குஸ்தான்.

“பதில் வந்துச்சா தம்பி?”

“பிறையிலிருந்து இன்னும் வரல ஆண்ட்டி.”

“நீங்க கொஞ்சம் அழுத்திக் கேக்கலாமே. நீங்க கேட்டா மாட்டேன்னா சொல்லிடுவாங்க?”

“கேட்டுக்கிட்டேதான் இருக்கேன் ஆண்ட்டி. இப்பல்லாம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை.”

அமலம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவையா! நீங்க இவ்வளவு பாடுபடுவீங்கன்னு சொன்னா கிளாரிஸ் நம்பவே மாட்டா.”

கிளிஃபர்ட் தலையைக் குனிந்துகொண்டான். அவளுடைய கல்யாணத்துக்கு இவ்வளவாவது செய்ய முடிகிறதே என்று இருந்தது. அதேசமயம் முகம் தெரியாத அந்த மாப்பிள்ளைமேல் எரிச்சலும் வந்தது. வயதான அம்மா இப்படி அலைகிறார், அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்?

கேட்பதில் என்ன கெடும் என்பது வியாழக்கிழமை தெரிந்தது. திருநாவுக்கரசு ‘இல்லை’ என்ற சொல்லை வாயால் சொல்லாதவர். கடை வைத்திருந்த குடும்பம். சரக்கு இல்லாவிட்டாலும் ‘வந்துக்கிட்டிருக்கு’ என்று சொல்லியே பழகியவர். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேள்வி வர, ஒவ்வொன்றும் ஒரு புதுக் கல்யாணம் என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ‘தயார்’ சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்.

“தம்பி, ஜூலை பதினெட்டுக்கு இருபத்து மூணு மணமேடை கேட்டிருக்கீங்க” என்று ஃபோன் செய்தார். “கிடங்குல இருக்கிறது நாலு. மிச்சம் வந்துக்கிட்டிருக்கு. ஈப்போவுல சொல்லியிருக்கேன்.”

“ஒண்ணுதாண்ணே! ஒரே பொண்ணு, ஒரே மேடை!”

“ஒண்ணுக்கு ஏன் தம்பி இருபத்து மூணு தடவை கேட்டீங்க? முதல் தடவையே சரின்னேனே.”

கிளிஃபர்ட் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் கொடுத்தான். அதே எண்ணோடு நூறு முறை கேள்வி வந்தாலும் ஒரே கேள்வியாகத்தான் எண்ண வேண்டும் என்று மூன்று பெட்டிகளுக்கும் சொல்லிவைத்தான். அதோடு குழப்பம் ஒருவழியாக அடங்கியது. அடங்காதவர் முதலாளி மட்டும்தான்.

“ஹைதர் இப்ப அந்தப் பதினெட்டாம் தேதியே வேணும்கிறான். நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள நீ உறுதி அமுக்கலேன்னா தேதி அவனுக்கு. கிளாரிஸ் வேற மண்டபம் தேடிக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை மணி நாலேகால். திரையில் மெர்தாஜாம் பச்சை, ஜெலுத்தோங் பச்சை, பிறை மட்டும் வெறுமை. அமலம்மாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

“பிறையும் சரின்னுட்டாங்க தம்பி! நானே நேர்ல போய்ப் பேசிட்டு வரேன்.”

“நீங்களே பிறைக்குப் போனீங்களா!”

“வேற என்ன பண்ண? வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமத்தான் பேசினாங்க, ஆனா அவங்களுக்கு மறுப்பே கெடையாதாம். கேட்டவங்கதான் ஒழுங்காக் கேக்கலையாம்.”

ரொஸ்னாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான் என்று கிளிஃபர்ட் நினைத்துக்கொண்டான். நினைத்து முடிப்பதற்குள் திரையில் பிறை பச்சையாக மாறியது. ஃபேக்டரி விருந்தையே தள்ளிவைக்க வைத்துவிட்டாரே இந்த அம்மா என்று அசந்துபோனான்.

“இனி நீங்க மட்டும்தான் தம்பி” என்றார் அமலம்மாள்.

“ஆமா ஆண்ட்டி. இனி நான் அமுக்க வேண்டியதுதான்.”

“அமுக்கிட்டு அப்புறம் மாத்த மாட்டீங்களே?”

“உறுதின்னா உறுதிதான் ஆண்ட்டி. அமுக்கின அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது.”

“எனக்கு அது போதும். வாயால சொல்லணும்னுகூட இல்ல.” அமலம்மாள் எழுந்தார். “நான் இங்க இருந்தா உங்களுக்குக் கூச்சமா இருக்கும். கிளாரிஸ் கீழே காடியிலதான் இருக்கா. மேல வரமாட்டேன்னுட்டா.”

அவர் இறங்கிப் போனதும் கிளிஃபர்ட் ஜன்னலுக்குப் போனான். வெள்ளை நிறக் கார். ஓட்டுகிற இருக்கையில் கிளாரிஸ். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மணி நாலு நாற்பது. திரும்பி வந்து உட்கார்ந்தான். இருபது நிமிஷம் சும்மா இருந்தால் போதும். தேதி ஹைதருக்குப் போய்விடும். ‘லைன் போயிடுச்சு ஆண்ட்டி’ என்று ஒரு வார்த்தை. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இந்த வாரம் நடந்த கூத்துக்கு, நம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வேறு மண்டபம் கிடைக்காமல் தேதி தள்ளும். தள்ளின கல்யாணம் எத்தனை நின்றுபோயிருக்கிறது!

இந்த எண்ணம் வந்ததற்கே அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கை நகரவில்லை.

மூன்று பச்சை விளக்குகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றும் ‘தயார்’ என்று சொல்லிவிட்டு அவன் வாயைப் பார்த்து நின்றன. அவற்றால் வேறெங்கும் போக முடியாது. முதலாளியிடம் அவ்வளவு பரிதாபப்பட்டுச் சொன்னானே, தயார்னு சொன்னவங்க பாவம் என்று. இரண்டு வருஷத்துக்கு முன் ‘அம்மாகிட்டப் பேசுங்க’ என்று ஒருத்தி சொன்னாளே, அது தயார் இல்லாமல் வேறென்ன? அவளிடம் அவன் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றாவது சொன்னானா? ஒரு ‘இல்லை’ வந்திருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்துவிட்டு அவள் தன் வழியைப் பார்த்திருப்பாள். ஒரு பெட்டி அரை மணி காத்திருந்தால் பதறி விதி எழுதுகிறவன், ஒரு பெண்ணை எத்தனை மாதம் காக்கவைத்தானோ. அதை எந்தப் பதிவேட்டிலும் அவன் பார்த்ததில்லை.

இன்னொரு முறை அவளைக் காக்கவைக்கக் கூடாது. யாரைக் கட்டினாலும் அவள் நன்றாக இருக்கட்டும்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு ‘உறுதி’யை அமுக்கினான். மூன்று விளக்குகளும் ஒன்றாக நீலமாயின. ஒரு வாரத்தில் முதல்முறையாக எல்லாம் சரியாக நடந்தது. கிளிஃபர்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஃபோன் அடித்தது. மெர்தாஜாமிலிருந்து திருநாவுக்கரசு.

“உறுதின்னு வந்துருச்சு தம்பி. அது வந்த அப்புறம்தான் மாப்பிள்ளை பேரைப் பலகையில வெட்டணும்னு அந்தப் பொண்ணோட அம்மா கண்டிப்பாச் சொல்லியிருந்தாங்க. இங்கதான் கத்தியும் கையுமா உட்கார்ந்திருக்கேன், ஒரே ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்கண்ணே” என்றான் கிளிஃபர்ட். பெயரைக் கேட்கும் நேரம் வந்தேவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டான்.

“உங்க பேருக்கு நடுவுல ஆய்த எழுத்து போடணுமா தம்பி, இல்ல வெறும் ‘கிளிபர்ட்’னே வெட்டிடவா?”